ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் கல்லீரலின் கடைமடையும்

காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் தேடுவது பாராசிட்டமால் மாத்திரையைத்தான். ஒரு வாய் வெந்நீரோடு விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் வியர்த்து உடம்பு லேசாகிவிடும். அதற்குள் அந்த மாத்திரை எங்கெல்லாம் போனது, அதற்கு என்ன ஆனது என்று நாம் யோசிப்பதில்லை. யோசித்துப் பார்ப்பது நல்லது. ஒரு வேதிப்பொருளைக் கல்லீரல் எப்படிக் கையாள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள பாராசிட்டமாலைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இந்த ஒரு மூலக்கூறின் பின்னாலேயே நடந்து, அது போகும் வழியையெல்லாம் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம். கல்லீரல் ஒரு வடிகட்டி என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீ வடிகட்டியில் தூள் தங்குவதுபோல நச்சு அதில் தங்கிவிடும், அவ்வப்போது கழுவ வேண்டும் என்ற நினைப்பு இதிலிருந்துதான் வருகிறது. கல்லீரலைச் சுத்தப்படுத்தும் பானம் என்று விற்கப்படுபவை இந்த நினைப்பை நம்பித்தான் விற்பனையாகின்றன. வடிகட்டுவது சிறுநீரகத்தின் வேலை. கல்லீரல் செய்வது வேதியியல். வந்த மூலக்கூறைத் திருத்தி, அதன்மேல் இன்னொன்றை ஒட்டி, வேறு பொருளாக்கி அனுப்பிவிடுகிறது. அப்படி மாற்றும்போது நடுவில் உண்டாகும் பொருள் சில நேரம், வந்த பொருளைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மருந்தாலும் நச்சாலும் வரும் கல்லீரல் சேதங்களில் பலவற்றுக்கு இந்த நடுப்பொருள்தான் காரணம். எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றுவதும் அதுதான்.

தலைமடையும் கடைமடையும்

குடல் உறிஞ்சிய மருந்து நேராக உடம்பு முழுக்கப் பரவிவிடாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் நுழைகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிரை வழியாகவும், மீதி ஆக்சிஜன் நிறைந்த தமனி வழியாகவும் வருகிறது.

கல்லீரலை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அறுகோண வடிவில் சிறு சிறு பாத்திகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். ரத்தம் பாத்தியின் ஓரங்களில் நுழைந்து, செல் வரிசைகளுக்கு இடையே மெதுவாக ஓடி, நடுவில் இருக்கும் சிரையில் வடிகிறது. வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஓரத்துச் செல்கள் தலைமடை. நடுச்சிரையை ஒட்டியிருக்கும் செல்கள் கடைமடை. தலைமடைக்கு ஆக்சிஜன் முதலில் கிடைக்கிறது. கடைமடைக்கு வருவது, மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பது.

எல்லாம் ஒரே வகைச் செல்தான் என்றாலும், ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்துக்கு ஏற்ற வேலையைச் செய்கிறது. வேதிப்பொருள்களை மாற்றும் என்சைம்கள் கடைமடைச் செல்களில்தான் அதிகம். ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் ஆபத்தான வேலை அதிகமாக நடக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறிச் சேதமடைந்த கல்லீரலைப் பார்த்தால் ஒவ்வொரு பாத்தியிலும் நடுப்பகுதி மட்டும் செத்துக் கிடக்கும், ஓரம் பிழைத்திருக்கும். ஏன் இப்படி என்பது போகப் போகப் புரியும்.

எண்ணெய்ப் பிசுக்கை என்ன செய்வது

நம் உடம்புக்குள் வந்துவிடும் அந்நிய வேதிப்பொருள்களில் பல, எண்ணெயில் கரையும் இயல்புள்ளவை. செல்லைச் சுற்றியிருப்பதே ஒரு கொழுப்புப் படலம் என்பதால், அதைச் சுலபமாகக் கடந்து உள்ளே வருவது இந்த இனம்தான். சிறுநீரகம் இவற்றை வடிகட்டி வெளியே தள்ளப் பார்த்தாலும், அங்குள்ள குழாய்களின் சுவர் வழியாக மறுபடி ரத்தத்துக்கே நழுவி வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியை வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகுமா? பிசுக்கு தண்ணீரோடு போகும்படி ஏதாவது செய்தாக வேண்டும்.

கல்லீரல் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. வழுவழுப்பான அந்த மூலக்கூறில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அதனால் முதலில் வாணலிக்குக் காது வைப்பதுபோல ஒரு பிடியை உண்டாக்கும். அந்தப் பிடி பெரும்பாலும் ஓர் ஆக்சிஜன் அணு. இரண்டாவது கட்டத்தில், தண்ணீரில் நன்றாகக் கரையும் ஒரு பெரிய துண்டை அந்தப் பிடியில் மாட்டிவிடும். அப்புறம் செல்லின் சுவரில் இருக்கும் பம்புகள் அதைப் பித்தநீருக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ தள்ளும். பித்தநீரில் போனது மலத்தோடும், ரத்தத்தில் போனது சிறுநீரோடும் வெளியேறும்.

முதல் கட்டத்தின் பெரிய தொழிலாளி சைட்டோகுரோம் பி450 என்ற என்சைம் குடும்பம். பெயருக்குப் பின்னால் ஒரு நிறம் இருக்கிறது. 1958இல் இந்தப் பொருளை முதலில் கவனித்தார்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவோடு சேரும்போது இது 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சியது. 1962இல் ஜப்பானின் ஒமுராவும் சாட்டோவும் அந்த எண்ணையே சேர்த்துப் பெயர் வைத்தார்கள். மனிதர்களிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ளதுபோலவே இதன் நடுவிலும் ஓர் இரும்பு அணு உண்டு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து போய் இறக்கிவைக்கிறது. பி450 அதே ஆக்சிஜனை இரண்டாகப் பிளந்து, ஓர் அணுவை மூலக்கூறில் செருகிவிட்டு, மற்றதைத் தண்ணீராக்கிவிடுகிறது.

பொதுவாக என்சைம்கள் பூட்டும் சாவியும்போல ஒரு பொருளுக்கு ஒன்று என்று இருக்கும் எனப் பள்ளியில் படித்திருப்போம். கல்லீரலில் இருக்கும் பி450 என்சைம்கள் அப்படிக் கறாராக இருப்பதில்லை. 3ஏ4 என்ற ஒன்று மட்டும் நாம் சாப்பிடும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கையாள்கிறது. அதன் உள்ளறை பெரியது, வளைந்து கொடுப்பது. நாளைக்கு எந்தத் தொழிற்சாலையில் எந்தப் புதுப் பொருள் பிறக்கும் என்று உடம்புக்குத் தெரியாது. ஆனாலும் இதுவரை உலகத்தில் இல்லாத மூலக்கூறு வந்தால்கூட, இந்த என்சைம்களில் ஏதாவது ஒன்று அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் வியந்துபோகிறேன். எதைக் கொடுத்தாலும் ஆக்சிஜனைச் செருகும் என்சைமுக்கு, அப்படிச் செருகிய பின் வருவது நல்லதா கெட்டதா என்று தெரியாது என்பதுதான் இதில் சிக்கல்.

இரண்டாவது கட்டத்தில் மாட்டப்படும் துண்டுகளில் முக்கியமானவை மூன்று. குளுக்கோஸிலிருந்து உண்டாகும் குளுகுரோனிக் அமிலம், சல்பேட், அப்புறம் குளுட்டாத்தயோன். இந்த வேலை எவ்வளவு அவசியம் என்பதற்குப் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையே சாட்சி. பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளில் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டினால்தான் அது வெளியேறும். ஒட்டும் என்சைம் முதல் சில நாட்களில் முழுவேகத்துக்கு வந்திருக்காது. குழந்தையை நீல விளக்கின் கீழே படுக்க வைக்கிறார்களே, அந்த ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி, எதையும் ஒட்டாமலேயே அது வெளியேறும்படி செய்கிறது. என்சைம் தயாராகும்வரை அந்த வேலையை ஒளி செய்கிறது.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாராசிட்டமாலில் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டும் என்சைம் பூனைகளிடம் வேலை செய்வதில்லை. நமக்குச் சாதாரணமான ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

மூன்று வழிகளும் ஒரு குதிரும்

இப்போது மாத்திரைக்கு வருவோம். பாராசிட்டமால் மூலக்கூறில் ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. அதனால் அதில் பெரும்பகுதி முதல் கட்டத்துக்குப் போகாமலேயே நேராக இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிடும். பாதிக்கு மேல் குளுகுரோனிக் அமிலத்தோடும், சுமார் 30 சதவீதம் சல்பேட்டோடும் சேர்ந்து எந்த வம்பும் இல்லாமல் சிறுநீரில் போய்விடும். மொத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை பி450 குடும்பத்தின் கையில் மாட்டுகிறது. முக்கியமாக 2ஈ1 என்ற என்சைம். இது கடைமடைச் செல்களில் நிறைந்திருப்பது.

2ஈ1 பாராசிட்டமாலிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்துவிடுகிறது. பிறக்கும் பொருளுக்கு நீளமான வேதிப்பெயர் உண்டு, சுருக்கி ‘நாப்கி’ என்பார்கள். இது எலக்ட்ரான் பசி கொண்டது. எலக்ட்ரான் எங்கே தாராளமாக இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் அப்படித் தாராளமாக இருப்பது கந்தக அணுக்களிடம்தான். புரதங்களில் வரும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. அதனால் நாப்கி கைக்கெட்டிய புரதங்களின் சிஸ்டீனில் போய் ஒட்டப் பார்க்கும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, அந்தப் புரதத்தின் வேலை கெட்டுப்போகலாம்.

அப்படி நடக்காமல் காப்பது குளுட்டாத்தயோன். குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த குட்டி மூலக்கூறு இது. நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். நாப்கி புரதத்தைத் தொடுவதற்குள் இது குறுக்கே வந்து தன்மேல் ஒட்டவிட்டுக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்தபின் ஆபத்தில்லை, வெளியேற்றிவிடலாம். ஒரு மூலக்கூறு நாப்கிக்கு ஒரு மூலக்கூறு குளுட்டாத்தயோன் செலவு. கல்லீரல் செல்லுக்குள் குளுட்டாத்தயோன் ஏராளமாக இருக்கிறது, குதிர் நிறைய நெல் இருப்பதுபோல. நீங்கள் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டபோதெல்லாம் கொஞ்சம் நாப்கி உண்டாகியிருக்கிறது, குதிரிலிருந்து கொஞ்சம் நெல் செலவாகியிருக்கிறது. மறுபடி நிரம்பியும் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அளவு மீறினால் என்ன ஆகிறது? முதலில் சல்பேட் வழி நிரம்பிவிடும், அடுத்து குளுகுரோனிக் அமில வழியும் திணறும். போக இடமில்லாத பாராசிட்டமால் 2ஈ1 பக்கம் திரும்பும். நாப்கி பெருகும். குதிரில் நெல் இறங்க இறங்க, செல் புதிதாகச் செய்து நிரப்பப் பார்க்கும். ஆனால் அதற்குச் சிஸ்டீன் வேண்டும், சிஸ்டீன் கையிருப்போ குறைவு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெரி மிட்செல், பெர்னார்ட் பிராடி முதலியோர் 1973இல் எலிகளில் இதை அளந்து காட்டினார்கள். குளுட்டாத்தயோன் சுமார் 70 சதவீதம் தீரும்வரை புரதங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. அந்த எல்லை தாண்டியதும் நாப்கி புரதங்களில் ஒட்டத் தொடங்குகிறது, செல்கள் சாகின்றன. நச்சு, நச்சில்லாதது என்று பொருள்களை இரண்டு கூடைகளில் போட்டுவிட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? உண்டாகும் வேகமும் நிரப்பும் வேகமும்தான் முடிவு செய்கின்றன.

இதிலிருந்து அன்றாடத்துக்கு வேண்டிய சில விஷயங்கள் தானாகவே வருகின்றன. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலின் உச்ச அளவு 24 மணி நேரத்துக்கு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறுக்கு மேல் கூடாது. சளி, இருமல், உடம்புவலி என்று வாங்கும் பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். தனியாக ஒன்றும் போட்டுக்கொண்டால் இரண்டு மடங்காகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும். குழந்தைகளின் மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கலாம், சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மட்டுமே இருக்கலாம். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் நோயாளிக்குக் குதிரே பாதிதான் நிறைந்திருக்கும். தினமும் குடிப்பவர்களுக்கு 2ஈ1 என்சைமே கூடுதலாக இருக்கும். இவர்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

செல் எப்படிச் சாகிறது

நாப்கி ஒட்டும் புரதங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்கள்தான் முக்கியம். செல்லுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜனைப் பயன்படுத்தி உண்டாக்குவது மைட்டோகாண்ட்ரியா. அதன் புரதங்களில் அடி விழுந்ததும் எலக்ட்ரான்கள் போக வேண்டிய பாதையை விட்டுக் கசிந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடு என்ற வெறிபிடித்த மூலக்கூறாகின்றன. அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் இன்னும் கொடியது. இதையெல்லாம் அடக்கியிருக்க வேண்டிய குளுட்டாத்தயோனோ ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

இந்த அழுத்தத்தைச் செல்லுக்குள் உணரும் புரதம் ஒன்று இருக்கிறது, பெயர் ஜே.என்.கே. அது விழித்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்கார்ந்ததும் கசிவு இன்னும் கூடுகிறது. உதவிக்குக் கூப்பிட்ட குரலே சேதத்தைப் பெருக்கிவிடுகிறது. கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளை திறந்து, ஆற்றல் உற்பத்தி நின்றுபோகிறது. உள்ளிருந்து வெளியேறும் சில என்சைம்கள் செல்லின் மையத்துக்குப் போய் டி.என்.ஏ.வைத் துண்டாடுகின்றன. செல் வீங்கி வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் ரத்தத்தில் கலக்கிறது.

கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இரண்டு வரிகள் பார்த்திருப்பீர்கள். இவை கல்லீரல் செல்லுக்குள் அமினோ அமில வேலை பார்க்கும் சாதாரண என்சைம்கள். செல் உடைந்தால் ரத்தத்தில் தலைகாட்டும். எஸ்.ஜி.பி.டி. வழக்கமாக 40 யூனிட்டுக்குள் இருக்கும். பாராசிட்டமால் சேதத்தில் அது ஆயிரக்கணக்கில் ஏறும், பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்த எண் எத்தனை செல் உடைந்தது என்று சொல்லுமே தவிர, மிச்சம் இருக்கும் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லாது. அதற்கு டாக்டர்கள் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பார்கள், அறிக்கையில் ஐ.என்.ஆர். என்று இருக்கும். உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்வது கல்லீரல். அவற்றில் ஒன்று சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடக்கூடியது, புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். எஸ்.ஜி.பி.டி. இறங்குகிறதே என்று வீட்டார் ஆறுதல் அடையும்போது, ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டிருந்தால் டாக்டர் முகம் இறுகியிருப்பதற்குக் காரணம் இதுதான். உடைவதற்குச் செல்களே இல்லாமல் போனாலும் எஸ்.ஜி.பி.டி. இறங்கத்தான் செய்யும்.

இங்கே எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவு மீறிப் போனபின் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான். கல்லீரல் சேதம் வெளியே தெரிவது இரண்டாம், மூன்றாம் நாளில். ஆனால் மருந்து நன்றாகக் கேட்பதோ முதல் எட்டு மணி நேரத்தில். அந்த மருந்தின் பெயர் அசிடைல்சிஸ்டீன். பெயரிலேயே சிஸ்டீன் இருக்கிறது. குளுட்டாத்தயோனை அப்படியே கொடுத்தால் செல்லுக்குள் சரியாகப் போகாது. அதைச் செய்யத் தேவையான சிஸ்டீனைக் கொடுத்தால் செல் தானே செய்து குதிரை நிரப்பிக்கொள்ளும். 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டின் குழு இதைச் சிரை வழியாகக் கொடுத்துப் பார்த்தது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களுக்குக் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. தாமதமாக வந்தவர்களுக்கும் பலன் உண்டு. அதனால் யாராவது தெரிந்தோ தெரியாமலோ அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

டீக்கடை பாய்லர்

இதுவரை சொன்னதில் கல்லீரல் அடி வாங்கிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றலாம். அது திருப்பி என்ன செய்கிறது?

நர்ஃப்-2 என்று ஒரு புரதம். செல்லின் மையத்துக்குள் போய் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்தால், பாதுகாப்பு மரபணுக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும் சக்தி அதற்கு உண்டு. குளுட்டாத்தயோன் செய்யும் என்சைம், அதை நச்சில் ஒட்டும் என்சைம், வெளியே தள்ளும் பம்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சாதாரண நேரத்தில் இதைக் கீப்-1 என்ற இன்னொரு புரதம் பிடித்து, அழிக்கப்பட வேண்டியது என்று முத்திரை குத்தி, செல்லின் குப்பை அரவைக்கு அனுப்பிவிடுகிறது. செய்த நர்ஃப்-2 சுமார் இருபது நிமிடத்தில் பாதி போய்விடும். செய்வானேன், அழிப்பானேன்? கூட்டம் இல்லாத நேரத்திலும் டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆள் வந்த பிறகு தண்ணீர் வைத்தால் வியாபாரம் நடக்குமா? அவசரம் வந்தபின் நர்ஃப்-2 செய்ய ஆரம்பித்தால் செல்லுக்கும் நேரம் போதாது.

அவசரம் என்று எப்படித் தெரிகிறது? கீப்-1 புரதத்தில் சிஸ்டீன்கள் ஏராளம். சில, மிகச் சுலபமாகத் தாக்கப்படக்கூடியவை. நாப்கி போன்ற எலக்ட்ரான் பசி மூலக்கூறுகள் திரிய ஆரம்பித்ததும் கீப்-1இன் கந்தகத்திலும் ஒட்டுகின்றன. ஒட்டியதும் கீப்-1 வளைந்து, முத்திரை குத்தும் வேலை நின்றுவிடுகிறது. புதிதாக உண்டாகும் நர்ஃப்-2 தப்பித்து மையத்துக்குப் போய்விடுகிறது. நச்சு எந்த இடத்தைத் தாக்குமோ அதையே எச்சரிக்கை மணியாக உடம்பு வைத்திருக்கிறது. ஜப்பானில் மசயுகி யாமாமோட்டோவின் குழு 1999இல் கீப்-1ஐக் கண்டறிந்து இதை வெளிக்கொண்டுவந்தது. நர்ஃப்-2 இல்லாமல் வளர்த்த எலிகள், மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் பாராசிட்டமால் அளவிலேயே கல்லீரல் கெட்டுச் செத்துப்போயின.

உணரிகள் இன்னும் உண்டு. பி.எக்ஸ்.ஆர். என்ற புரதம் அந்நிய மூலக்கூறு வந்ததும் அதைத் தானே பிடித்துக்கொண்டு, 3ஏ4 என்சைமை அதிகம் செய்யச் சொல்லும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதை நன்றாகத் தூண்டிவிடும். ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போவது இதனால்தான். கல்லீரல் அந்த ஹார்மோனையும் வேகவேகமாக மாற்றித் தள்ளிவிடுகிறது. ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்கும்போது, மூலிகை மருந்து உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாம் இதே என்சைம்களின் வாசலுக்குத்தான் வரும்.

காசநோய்க்கான இன்னொரு மருந்து ஐசோநியாசிட். இதில் ஒரு சிறு துண்டை ஒட்டிச் செயலிழக்க வைக்கும் என்சைம் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும், பிறவியிலேயே. மெதுவாக வேலை செய்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். ஒரே மாத்திரை, ஒரே அளவு, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் இவருக்கு மட்டும் காமாலை வருவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

கல்லீரலே செய்யும் நச்சு

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாராயத்தில் மெத்தனால் இருந்தது. மெத்தனாலை அப்படியே விட்டுவைத்தால், அது வழக்கமான மதுவைப்போல மயக்கம் தரும், பெரும் நாசம் செய்யாது. மது இறங்கியதும் அதை மாற்றப் புறப்படும் கல்லீரல் என்சைமுக்கு, வழக்கமான மதுவில் உள்ள எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் இருக்கும் ஒரு கார்பன் வித்தியாசம் பொருட்டில்லை. எத்தனாலிலிருந்து கடைசியில் அசிட்டேட் வருகிறது. உடம்பு அதை எரித்துக்கொள்ளும். மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடும், அதிலிருந்து ஃபார்மிக் அமிலமும் வருகின்றன. ஃபார்மிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண் நரம்புக்கு ஆற்றல் ஓயாமல் வேண்டும், அதனால்தான் முதலில் பார்வை போகிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக் கண் மங்குவதும் இதனால்தான், அமிலம் உண்டாகவே அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் தரும் ஃபோமெபிசோல் என்ற மருந்து மெத்தனாலை ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலின் அந்த என்சைமைத்தான் பூட்டிவைக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். அந்தத் தெருக்களை நினைக்காமல் இந்த வேதியியலை என்னால் எழுத முடியவில்லை.

வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் பூக்கும் பூஞ்சணத்தின் அஃப்ளாடாக்சின் இன்னொரு வகை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனமாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கைத் துருவித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பி450 இதில் ஆக்சிஜனைச் செருகியதும் உண்டாகும் பொருள் டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தில் ஒட்டுகிறது. செல் உடனே சாகாமல் தவறான எழுத்தோடு பிழைத்துவிட்டால் அது இன்னும் மோசம். புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் 249ஆவது இடத்தில் விழும் ஒரு குறிப்பிட்ட பிழை, அஃப்ளாடாக்சின் அதிகமுள்ள நாடுகளின் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். வறுத்தால் இந்த நச்சு முழுதாகப் போகாது. கசந்த கடலையையும் பூஞ்சணம் பிடித்த கடலையையும் பொறுக்கி எறியும் நம் வீட்டுப் பழக்கம் மிகச் சரியானது. அதை மாட்டுக்கும் போடக் கூடாது. நச்சு பாலில் வரும்.

மறுபடி முளைப்பது

சேதம் ஓரளவோடு நின்றால் அடுத்த வேலை உடனே ஆரம்பமாகும். கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் கூப்ஃபர் செல்கள் என்ற துப்புரவுச் செல்களும், ரத்தத்திலிருந்து வந்து சேரும் வெள்ளணுக்களும் செத்தவற்றை அகற்றும். அவை விடும் சைகைகளைக் கேட்டு, பிழைத்த செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கும். இவை சாதாரண நாட்களில் அரிதாகவே பிரிபவை. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மீதி ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடைக்கு வளர்ந்துவிடுகிறது என்று 1931இலேயே ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுக்கும் மகளுக்கும் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவு திரும்பிவிடும். பாராசிட்டமால் சேதத்திலிருந்து தப்பியவர்களின் கல்லீரல் பெரும்பாலும் தழும்பே இல்லாமல் பழையபடி ஆகிவிடுகிறது.

ஒருநாள் அடியாக இல்லாமல் வருடக்கணக்காக அடி விழுந்தால் கதை வேறு. செல் வரிசைகளுக்குப் பின்னால் வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் நட்சத்திரச் செல்கள், ஓயாத அழற்சியில் குணம் மாறி, நார்ப்புரதத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். தினமும் குடிப்பவர்களின் கல்லீரலில் அந்த நார் முதலில் தெரிவது நடுச்சிரையைச் சுற்றி, நாம் கடைமடை என்று சொன்ன இடத்தில்தான். நார் பாத்திகளைச் சுற்றிக்கொண்டால் அது சிரோசிஸ். அந்த நிலைக்கு முன்னால் காரணத்தை நிறுத்திவிட்டால், நார் சுரந்த செல்களில் பல செத்துப்போகின்றன, சில பழைய அமைதிக்குத் திரும்புகின்றன. துப்புரவுச் செல்கள் நாரைக் கரைக்கும் என்சைம்களை விடுகின்றன. ஹெபடைடிஸ் பி-க்குச் சில ஆண்டுகள் தொடர்ந்து மருந்து சாப்பிட்டவர்களிடம் மறுபடி திசு எடுத்துப் பார்த்தபோது, பலருக்கு நார் மெலிந்திருந்தது. சிரோசிஸ் என்று எழுதப்பட்டிருந்த சிலருக்கும்கூட.